பச்சை நூல் கட்டிய ஆறு பாட்டில்கள்

2004 பிப்ரவரி பன்னிரண்டு, வியாழக்கிழமை. செய்தி வந்தபோது காலை மணி ஒன்பதே முக்கால். ஆய்வுக்கூடத்தில் கழுவும் தொட்டியோரம் ஆறு கண்ணாடிப் பாட்டில்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் பச்சை நூல். உள்ளே சாம்பல் கலந்த தண்ணீர். முந்தின நாள் மாலை நாலரைக்குச் செல்வமணி அண்ணன் ஊற வைத்துவிட்டுப் போனவை. பதினேழு மணி நேரம் கழித்து, ஒன்பதரைக்கு, அவர் வந்து கழுவியிருக்க வேண்டும். கால் மணி நேரம் தாமதம். அண்ணன் தாமதிப்பவர் இல்லை. அதனால் நான் மனதுக்குள் பாறசாலை பஸ்ஸைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஆபீஸ் அறையிலிருந்து ஓமனா சேச்சி வந்து கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“ரெம்யா, நம்மட செல்வமணி மரிச்சுப்போயி மோளே. பஸ்ஸில வெச்சு நெஞ்சுவேதனை. கண்டக்டர் நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்காரு. எத்தும்போ எல்லாம் கழிஞ்சு.”

நான் அழவில்லை. குழாயைத் திறந்து முதல் பாட்டிலை எடுத்துக் கழுவத் தொடங்கினேன். ஓமனா சேச்சி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஒரு மனிதர் இறந்த சேதி கேட்டுப் பாத்திரம் கழுவுகிறவளை வேறு எப்படிப் பார்ப்பார்கள்? ஆனால் அந்த ஆறு பாட்டில்களுக்காக நாங்கள் இருவரும் ஏழு மாதம் பட்ட பாடு அவருக்குத் தெரியாது. பதினேழு மணி நேரம் தாண்டினால் கணக்குத் தப்பும் என்று செல்வமணி அண்ணனே எழுதி வைத்திருந்தார்.

அவர் பெயருக்குப் பின்னால் பட்டம் எதுவும் கிடையாது. களியக்காவிளைக்கு அருகில் பிறந்தவர். அவருடைய அப்பா ஊர்ச் சபைக் கோயிலைப் பெருக்கி மணி அடித்தவர். பத்தாவது தேறி, கல்லூரிக்கு முந்தின பிரீடிகிரியில் கெமிஸ்ட்ரியில் தோற்று, சாலைக் கடைத்தெருவில் ஒரு இரும்புக்கடையில் ஆறு வருடம் ஆணியும் கொக்கியும் எடுத்துக்கொடுத்தார். 1986இல் எங்கள் ஆய்வு நிலையத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் தினக்கூலி வேலை. பிறகு ஒப்பந்தம், வருடா வருடம் மார்ச்சில் புதுப்பிப்பார்கள். பதினெட்டு வருடத்தில் தட்டுகளில் அகார் கூழ் ஊற்றவும், பாக்டீரியா வளர்க்கவும், மீட்டர் படிக்கவும் பழகிக்கொண்டார். வேலைப் பதிவேட்டில் மட்டும் கடைசிவரை “கழுவுநர்” என்றே இருந்தது.

2001இல் நான் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்த முதல் வாரம் என்னிடம் கேட்டார்.

“மக்ளே, நீ சாலையில அரிசிமண்டிக்காரருக்க மவளாக்குமே? ஒனக்க அப்பன் நிறுத்த அரிசிய நான் ஆறு வருசம் தின்னுருக்கேன். கல்லு பொறுக்கிப் பொறுக்கிக் கண்ணு பழகினதாக்கும் இது.” தட்டை வெளிச்சத்தில் தூக்கி, நான் கவனிக்காமல் விட்ட ஒரு பூஞ்சைப் புள்ளியைக் காட்டினார்.

எங்கள் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சில பாக்டீரியாக்கள் ஒரு வேதிப்பொருளைச் சிறிது சிறிதாக வெளியே விடும். கூட்டம் பெருகினால் அந்தப் பொருளும் பெருகும். ஓர் அளவைத் தாண்டியதும் எல்லாம் ஒரே நேரத்தில் சில ஜீன்களை இயக்கத் தொடங்கும். பல கிருமிகளில் நோய்க்கான விஷம் வெளிவருவது அப்போதுதான். இந்தச் சைகைப் பொருளை அளக்க எங்களிடம் ஓர் ஊதா பாக்டீரியா இருந்தது. அதற்குத் தானாக அந்தப் பொருளைச் செய்ய முடியாது. நாம் கொடுத்தால் ஊதாவாகும். கொடுக்காவிட்டால் வெள்ளையாகவே வளரும். இன்னொரு வகையில், ஜீன் எவ்வளவு இயங்குகிறதோ அவ்வளவு மஞ்சள் நிறம் வரும்படி செய்திருந்தார்கள். அந்த மஞ்சளை மீட்டர் எண்ணாகச் சொல்லும்.

என் ஆய்வுக்கு ஓர் இலை கிடைத்தது. வித்துராவுக்கு மேலே, பொன்முடிச் சாலையோரம் வளரும் ஒரு குத்துச்செடி. அதன் பெயரை இங்கே எழுதவில்லை. அந்தச் செடி ஒரு தப்பும் செய்யவில்லை. இலையைத் தண்ணீரில் கொதிக்க வைத்து, வடித்து, ஒரு பாட்டிலில் வற்ற வைத்து, அதே பாட்டிலில் சைகைப் பொருளைச் சேர்த்து ஓர் இரவு வைப்பேன். மறுநாள் அதை ஊதா பாக்டீரியாவுக்குக் கொடுப்பேன். ஒப்பிட்டுப் பார்க்க, வேறு பாட்டில்களில் வெறும் தண்ணீரும் சைகைப் பொருளும் இருக்கும்.

தண்ணீர் பாட்டிலிலிருந்து எடுத்துக் கொடுத்த தட்டு நாவற்பழம் போல ஊதாவானது. இலைத் தட்டில் பாக்டீரியா நன்றாக வளர்ந்தது, ஆனால் பால் வெள்ளை. மீட்டரில் நானூற்றுப் பத்து வர வேண்டிய இடத்தில் அறுபது. கிருமியைக் கொல்லாமலே அதன் வாயை அடைக்கும் இலை! என் வழிகாட்டி நீலகண்டன் சார் கரமனை அக்ரஹாரத்துக்காரர், எளிதில் சந்தோஷப்படாதவர். அன்று அவர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் இரண்டு தடவை நடந்தார். இலை வேலை செய்தபோது மூன்று தடவை திருப்பிச் செய்வதும் ஒரே வாரத்தில் முடிந்தது. மின்சாரம் போகவில்லை, ஹர்த்தால் கடையடைப்பு வரவில்லை, எதுவும் கெடவில்லை. இன்று நினைத்தால் அதுதான் எரிச்சலாக இருக்கிறது. அடுத்த வருடம் பெங்களூரில் ஒரு மாநாட்டில் அந்த எண்களைப் படித்தேன். ஆய்வுத் தலைப்பே இலையின் பெயரானது.

ஒன்றை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. அந்த இலைச்சாறு பாட்டிலின் உட்புறத்தில் பச்சையும் பழுப்புமாக ஒரு பிசின் பூச்சு விடும். ஆய்வுக்கூடத்துச் சோப்புக்கு அது அசையாது. செல்வமணி அண்ணன் வீட்டில் மீன்சட்டி தனி. வேறு எதற்கும் தொடமாட்டார்கள். அந்த முறைப்படியே, நான் இலை காய்ச்சிப் பழகிய முதல் நாட்களிலேயே, அவர் இலைக்கென்று ஆறு பாட்டிலை ஒதுக்கி, கழுத்தில் பச்சை நூல் கட்டினார். வீட்டு அடுப்பில் தேங்காய் மட்டை எரித்த சாம்பலைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து, அந்தப் பாட்டில்களில் மட்டும் ஊற வைத்து, தேங்காய் நாரால் தேய்த்து, மூன்று தண்ணீரில் அலசினார். மற்ற பாட்டில்களுக்குச் சாம்பல் படக்கூடாது என்று தனி அலமாரியில் வைத்தார். “எனக்க கழுவல பாத்தா, பாட்டிலு புதுசுண்ணு சொல்லுவாவ” என்பார். உண்மைதான், கண்ணாடி பளிச்சென்று இருக்கும். எங்கள் கூடத்திலேயே மிகக் கவனமாகக் கழுவப்பட்டவை அந்த ஆறு பாட்டில்கள்தான்.

2003 பிப்ரவரியில் அவர் மகளுக்குக் கல்யாணம். பத்து நாள் விடுப்பு எடுத்தார். அவருக்குப் பதில் வந்த ஷிஜு, பச்சை நூல் பாட்டில்களில் கடைசி இலைச்சாறு விட்ட பூச்சைப் பார்த்துவிட்டு அவற்றை ஓரமாக ஒதுக்கி, ஸ்டோரிலிருந்து புதுப் பெட்டியைப் பிரித்தான். அந்தப் பத்து நாளும் இலை வேலை செய்யவில்லை. தட்டெல்லாம் ஊதா. நான் வித்துராவுக்கு இரண்டு முறை ஓடி வேறு இலை பறித்து வந்தேன். கோடை இலையில் சத்து இல்லை என்று நீலகண்டன் சார் எழுதச் சொன்னார், எழுதினேன். அண்ணன் திரும்பி வந்தார். பழைய பாட்டில்கள் திரும்பின. இலையும் திரும்பி வேலை செய்தது. நான் நிம்மதியாக மூச்சுவிட்டேன்.

ஜூன் மாதம் ஒரு மத்தியானம், சோற்றுப் பாத்திரத்தை மூடிவிட்டு அண்ணன் என் மேசைக்கு வந்தார். கையில் அவருடைய கழுவல் நோட்டு.

“மக்ளே, நான் ஒண்ணு சொல்லட்டா? கோவப்படப்பிடாது.”

“சொல்லுங்கண்ணே.”

“ஒனக்க இலை தோத்த நாளும், நான் லீவில போன நாளும் ஒண்ணாக்கும். பாரு. பெப்ருவரி பத்து தொட்டு பத்தொம்பது வரைக்கும்.”

“அது கோடை இலைண்ணே.”

“பெப்ருவரி இருவதுக்கு மழையா பெஞ்சுது? எனக்கு அதில ஒரு சந்தேகம். அதனால முந்தாநேத்தைக்கு ஒனக்குத் தெரியாம ஒண்ணு செஞ்சேன். பச்சை நூல் பாட்டிலில இலையே போடல. வெறும் வெள்ளம். நீ செய்யது போல மருந்த ஊத்தி ராத்திரி வச்சேன்.” அவர் ஒரு தட்டைத் திறந்து காட்டினார். வெள்ளை. “இலை இல்ல மக்ளே. எனக்க சாம்பலாக்கும்.”

எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. அடுத்து வந்தது கோபம். இழுப்பறையில் அமில காரம் பார்க்கும் காகிதச் சுருள் இருந்தது. இரண்டு வருடமாக அங்கேயேதான் கிடந்தது. பச்சை நூல் பாட்டிலில் தண்ணீர் ஊற்றிச் சற்று நேரம் விட்டு ஒரு துண்டைத் தோய்த்தேன். நீலமானது. காரம்; மூன்று தண்ணீரில் அலசியும் சாம்பல் கண்ணாடியை விட்டுப் போகவில்லை. அந்தச் சைகைப் பொருளில் ஒரு வளையம் உண்டு. காரம் பட்டால் திறந்துகொள்ளும், பிறகு பாக்டீரியாவுக்கு அது அடையாளம் தெரியாது. முதல் வருடப் பாடத்திலேயே இது இருந்தது. இலை இல்லாத வெறும் பாட்டிலை ஒருமுறை சோதித்திருந்தால், அரை நாள் வேலை, எல்லாம் அன்றே தெரிந்திருக்கும். நான் செய்யவில்லை. ஆனால் என் கோபம் அவர் மேல் பாய்ந்தது.

“சாம்பல் போடச் சொன்னது யாரு? சோப்பு இல்லியா? என்னோட ரெண்டு வருசம் போச்சே!”

அவர் தட்டை மூடி எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனார். நான் பதினோரு நாள் அவரிடம் முகம் கொடுக்கவில்லை. அந்தப் பதினோரு நாளும் என் தட்டுகள் வழக்கம்போல என் மேசையில் இருந்தன, தேதி எழுதி, வரிசையாக.

அவர் சும்மா இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. நான் இலையின் பெயரில் பட்டம் வாங்கி, எங்காவது கல்லூரியில் வேலைக்குப் போயிருப்பேன். பன்னிரண்டாம் நாள் நானே போய் அதைத்தான் கேட்டேன்.

“பின்ன? இல்லாத ஒரு சாமானத்தத் தேடி நீ இன்னும் ரெண்டு வருசம் இலை அரைப்பா. ஒனக்குப் பொறவு இன்னொரு பிள்ளை வந்து அரைக்கும். எனக்க சாம்பல ஆராய்ச்சி பண்ணவா ஒங்க அப்பன் ஒன்ன அனுப்பினாரு?” என்று சிரித்தார். பிறகு மெதுவாக, “தப்பு செஞ்சது எனக்க கை. நானே சொல்லணும். சாருகிட்ட வா, போவோம்” என்றார்.

நீலகண்டன் சார் எல்லாவற்றையும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“செல்வமணி, நீ எங்கிட்ட சொன்னது சரி. வேற ஆர்கிட்டயும் போய்ச் சொல்லிண்டிருக்காதே, கேட்டியா? மார்ச்சில ஒன்னோட கான்ட்ராக்ட் பேப்பர் டைரக்டர் மேசைக்குப் போறதாக்கும்.”

“போட்டும் சார். அந்தப் பிள்ளைக்க காரியம்?”

“மாநாட்டில படிச்சாச்சு. ஒரு தட்டைக் காமிச்சு நான் அதை வாபஸ் வாங்க முடியாது. இலை இல்லாம, வெறும் பாட்டில். ஆறு பாட்டில், மூணு தடவை. மூணும் ஒத்து வந்தா தலைப்பை மாத்தக் கையெழுத்துப் போடறேன். மார்ச் முப்பத்தொண்ணோட யூனிவர்சிட்டி மாத்தவிடாது. அப்பறம் இலைதான்.”

ஒப்புக்கொண்டோம். ஒப்புக்கொள்ளாமல் வேறென்ன செய்ய? தவறை மறுபடி அப்படியே செய்து காட்ட வேண்டும் என்பதால், அண்ணன் தன் கழுவலை முதல் தடவையாக எழுதி வைத்தார். ஒரு பிடி சாம்பல். பதினேழு மணி நேரம். நாரால் இருபது சுற்று. மூன்று தண்ணீர்.

ஜூலையில் முதல் தடவை. ஆறு பாட்டிலும் வெள்ளை. ஆகஸ்டில் இரண்டாவது. அதற்குள் நான் ஒரு கட்டுரையில், திறந்த வளையம் அமிலம் பட்டால் மறுபடி மூடும் என்று படித்திருந்தேன். அண்ணனிடம் சொன்னேன்.

“அப்ப பூட்டு திறந்தத திருப்பிப் பூட்டலாமா?”

“பூட்டலாம்னு எழுதியிருக்குண்ணே.”

ஆறு பாட்டிலிலிருந்தும் கொஞ்சம் எடுத்து, துளித்துளியாக அமிலம் விட்டு இரண்டு நாள் வைத்தோம். பாக்டீரியாவுக்குக் கொடுக்கும் முன் புளிப்பைச் சரிக்கட்டினோம். மூன்றாம் நாள் காலை அவர் எனக்கு முன்னால் வந்து தட்டைத் திறந்து வைத்திருந்தார். ஊதா. வெள்ளையாகிப் போனது மறுபடி ஊதா. மீட்டரில் முந்நூற்று எழுபது.

“ஏ மக்ளே, செத்த நிறம் எந்திச்சு வந்துட்டே!” என்று ஓமனா சேச்சியைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த அம்மாள், “இதுக்கா ரெண்டாளும் இத்தன பகளமும் கூச்சலும்?” என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஏழு மாதத்தில் நான் சிரித்த நாள் அது ஒன்றுதான்.

மூன்றாவது தடவை மட்டும் நடக்கவில்லை. செப்டம்பரில் பாட்டிலை ஊற வைத்த மறுநாள் ஹர்த்தால். பஸ் இல்லை, நாற்பது மணி நேரம் ஊறிவிட்டது, கொட்டினோம். அக்டோபரில் ஆறு மணி நேரம் மின்சாரம் போய், பாக்டீரியா வளர்க்கும் பெட்டி குளிர்ந்து, ஒப்பீட்டுத் தட்டுகூட ஊதாவாகவில்லை. மஞ்சள் நிறம் வரவைக்கும் ரசாயனம் தீர்ந்து, அதற்கு எழுதிப்போட்டு, வேறு எதையோ அனுப்பி, அதைத் திருப்பி அனுப்பி, சரியானது வந்தபோது டிசம்பர் கடைசி. ஜனவரியில் எல்லாம் இருந்தது. தட்டில் பூஞ்சை விழுந்தது. ஒவ்வொரு தடவையும் நீலகண்டன் சார், “அப்போ இன்னும் ரெண்டு தடவைதான் ஆயிருக்கு” என்பார். குரலில் வருத்தமும் இருக்காது, சந்தோஷமும் இருக்காது. சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருக்கும் எனக்கு.

“பெப்ருவரியில முடிப்போம். முடிச்சிட்டாக்கும் மறு சோலி,” என்றார் அண்ணன். பதினொன்றாம் தேதி மாலை நாலரைக்குச் சாம்பலைப் போட்டார். போகும்போது நெஞ்சைத் தடவிக்கொண்டு, மத்தியானச் சோறு செரிக்கவில்லை என்றார். நான் நோட்டில் தேதி எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “நாளைக்கு ஒன்பதரைண்ணே, மறந்துறாதீங்க” என்றேன்.

வியாழக்கிழமை அவர் எழுதி வைத்தபடியே செய்தேன். நாரால் இருபது சுற்று, மூன்று தண்ணீர். அலசியதில் தண்ணீர் ஊற்றி, சைகைப் பொருளை விட்டு, மூடினேன். ஐந்தாவது பாட்டிலை மூடும்போது ஓமனா சேச்சி மறுபடி வந்தார்.

“வண்டி வந்நு மோளே. எல்லாரும் கேறி. நீ வரணில்லையோ?”

நிலையத்து ஜீப்பில் ஏறினேன். களியக்காவிளை தாண்டி, சபைக் கோயிலுக்குப் பின்னால் அவர் வீடு. முற்றத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். அவர் மனைவி எலிசாள் அக்கா என்னை அதற்கு முன் பார்த்ததில்லை. யாரோ சொல்லி அடையாளம் தெரிந்துகொண்டு என் கையைப் பிடித்தார்.

“நீதானா ரெம்யா? பாட்டிலு காரியம் என்னாச்சு பிள்ளே? காலைல கஞ்சிகூடக் குடிக்காம ஓடினாவ. ஒம்பதரைக்குக் கழுவணும், இல்லேண்ணா அந்தப் பிள்ளை சத்தம் போடும்ணு சொன்னாவ.”

கழுவிட்டேன் அக்கா என்றேன். அந்த நேரத்தில் வேறு எது சொல்ல முடியும்?

மறுநாள் ஐந்து பாட்டிலையும் பாக்டீரியாவுக்குக் கொடுத்தேன். சனிக்கிழமை ஐந்து தட்டும் வெள்ளை. மீட்டரில் எதுவும் எழுபதைத் தாண்டவில்லை. அமிலம் விட்டு வைத்த பங்கு திங்கட்கிழமை ஊதாவாக வந்தது. ஐந்திலும். நோட்டையும் தட்டுகளையும் எடுத்துக்கொண்டு சாரிடம் போனேன்.

அவர் தட்டுகளை எண்ணிப் பார்த்தார்.

“ஆறாவது எங்கே?”

“கழுவிட்டிருக்கும்போது வண்டி வந்துட்டுது சார். அஞ்சும் ஒண்ணுபோலத்தான இருக்கு.”

“ஆறுன்னு சொல்லித்தானே செஞ்சது.” நோட்டை மூடி, “ஒரு நல்ல மனுஷன் அவன்,” என்றார். எனக்கு அதைக் கேட்கப் பிடிக்கவில்லை. தலைப்பு மாற்றும் படிவத்தை அவர் மேசையில் வைத்தேன். பார்க்கிறேன் என்றார். இன்று பிப்ரவரி இருபத்தேழு. படிவம் பேப்பர்வெயிட்டுக்குக் கீழே அதே இடத்தில் இருக்கிறது. நேற்று அங்கே நின்று, ஐந்து போதாதா என்று மறுபடி கேட்டேன். பார்க்கிறேன் என்றுதான் சொன்னார்.

வித்துராவுக்கு இனி நான் இலை பறிக்கப் போவதில்லை. கையெழுத்து விழுந்தாலும் விழாவிட்டாலும் அது முடிந்தது. செல்வமணி அண்ணன் எனக்குச் சொன்னதை நான் நம்பிவிட்டேன். நம்ப எனக்கு மூன்றாவது தடவை தேவைப்படவில்லை. தேவைப்பட்டது காகிதத்துக்கு.

நோட்டின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் மூன்றாவது வரிசை இருக்கிறது. பாட்டில் எண்களை அவரே முன்கூட்டி எழுதி வைத்திருந்தார், ஒன்று முதல் ஆறு வரை. ஐந்துக்கு எதிரே என் கையெழுத்தில் எண்கள். ஆறுக்கு எதிரே ஒன்றும் இல்லை. ஆறாவது பாட்டில் தொட்டியோரத்திலேயே நிற்கிறது. தண்ணீர் வற்றி, சாம்பல் அடியில் வெள்ளையாகக் காய்ந்திருக்கிறது. இன்னும் கழுவவில்லை.